முதல் சுற்றுக்கும் ஆள் வேண்டும்: கடலோரக் கால்பந்துக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், தொண்டி, தேவிபட்டினம் தொடங்கிப் பாம்பன், தங்கச்சிமடம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி வழியாக மூக்கையூர் வரை கால்பந்துத் தொடர்களை நடத்திவரும் மன்றப் பொறுப்பாளர்களுக்கும், கமிட்டிப் பெரியவர்களுக்கும், அணித் தலைவர்களுக்கும், கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டும்வரை குரல் கொடுக்கும் ரசிகப் பெருமக்களுக்கும், இந்தக் கரையில் பல ஆண்டுகளாக விசில் பிடித்துவரும் நடுவர் ஒருவன் எழுதுவது. வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் தொடர்களில் முதல் சுற்று ஆட்டத்தை ஆட்டக்காரரும் மதிப்பதில்லை, ரசிகரும் மதிப்பதில்லை, நடத்துகிற நாமும் மதிப்பதில்லை. இறுதி ஆட்டம் என்று வந்துவிட்டால் மூவருக்கும் ஒரே நேரத்தில் உயிர் வந்துவிடுகிறது. இந்த ஏற்றத்தாழ்வு ஓரளவுக்கு இயல்புதான். ஆனால் நம் ஊர்களில் அது அளவு மீறிப் போய்விட்டது என்பதும், அதற்கான பொறுப்பில் பெரும்பங்கு போட்டியை வகுக்கிற கமிட்டிகளையே சேரும் என்பதும் என் கருத்து.

முதல் சுற்று எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எனினும் மைதானத்தின் நடுவில் நிற்கிறவனுக்குத் தெரிகிறபடி சொல்கிறேன். மூன்று மணிக்கு ஆட்டம் என்று அறிவித்திருப்பார்கள். மூன்றரைக்கு ஓர் அணி ஐந்து பேருடன் வந்து நிற்கும். மீதிப் பேர் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதாகச் சொல்வார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் கட்டிய பழைய மீன்வலை ஒரு பக்கம் கிழிந்து தொங்கும். லைன்ஸ்மேன் ஒருவர்தான் இருப்பார். அவரும் பந்து தன் பக்கம் வராத நேரமெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கச்சான் காற்று தூக்கிக்கொண்டு போகிற பந்து சீமைக் கருவேலங்காட்டுக்குள் விழுந்தால், ஓடிப் போய் எடுத்துவர ஒரு பொடியன்கூட இருக்க மாட்டான். கோல்கீப்பரே கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு முள்ளுக்குள் நுழைய வேண்டும். அவர் திரும்பும்வரை வீணான நேரத்தை நான் கடைசியில் கூட்டிக் கொடுத்தால், “எதுக்கு காக்கா, ஊதி முடிச்சு விடுங்க, மொத ரவுண்டுதானே” என்று (காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்) தோற்றுக்கொண்டிருக்கும் அணியிலிருந்தே குரல் வரும்.

அதே மைதானத்தில் இறுதி ஆட்டத்தன்று வாடகை ஜெனரேட்டரும் மின்னொளிக் கம்பங்களும் வந்து இறங்குகின்றன. கோடுகள் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று தெரிகின்றன. வலை புதிது. பக்கத்து ஊர்களிலிருந்து சரக்கு வண்டிகளிலும் பைக்குகளிலும் வந்தவர்கள், இடம் கிடைக்காமல் சுற்றுச்சுவரிலும் மொட்டை மாடிகளிலும் ஏறி நிற்கிறார்கள். முதல் சுற்றில் எதிராளி பந்தைக் கொண்டு போகும்போது நடந்து திரும்பிய விங்கர், இப்போது ஒரேயொரு த்ரோ-இன்னுக்காக என் முகத்துக்கு நேரே வந்து நின்று கத்துகிறான். அவன் மோசமான பிள்ளை அல்லன். இங்கே எந்த ஆட்டத்துக்கு மதிப்பு, எதற்கு இல்லை என்பதைப் பெரியவர்களான நம்மிடமிருந்து பார்த்துப் படித்தவன்.

பெரிய ஆட்டத்துக்கு ஆவேசம் கூடுவதில் தவறேதும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து ஊருடன் மோதும்போது எதிரணித் தடுப்பாட்டக்காரன் பல நேரம் சொந்த மச்சானாகவே இருப்பான். தோற்றால் அடுத்த கல்யாணப் பந்தியில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். அந்தச் சூட்டை எந்தச் சுற்றறிக்கையும் உண்டாக்கவும் முடியாது, தணிக்கவும் முடியாது. சனிக்கிழமை விசைப்படகில் பாக் நீரிணைக்குப் போய், இரவெல்லாம் வலை இழுத்து, ஞாயிறு காலை கரை திரும்பிய ஒரு தம்பியை, அன்று மாலை நடக்கும் ஒரு சாதாரண ஆட்டத்தில் ஏன் பறந்து பறந்து ஆடவில்லை என்று கேட்க எனக்கு வாய் வராது. ஐரோப்பியப் பெரிய கிளப்புகளும் சின்ன ஆட்டங்களில் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் ஓய்வு கொடுப்பது ஒன்று, அசட்டையாக ஆடுவது வேறொன்று. 2009 அக்டோபரில் ஸ்பெயினின் மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அல்கோர்கோன் என்ற சிறு அணியிடம் ரியல் மாட்ரிட் 4-0 என்று தோற்றது. ரவுல், பென்சிமா போன்றவர்கள் களத்தில் இருந்தும் அந்த அணிக்கு இந்தக் கதி நேர்ந்தது.

நம் நாட்டுக் கதையொன்று இதைவிட நெருக்கமானது. தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்கக் கூடாததும்கூட. பரம எதிரிகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதினால் கொல்கத்தா என்ன ஆகும் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1997 ஜூலையில் அங்குள்ள சால்ட் லேக் மைதானத்தில் அவர்களுக்கிடையே நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு 1,30,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள். 2018-19 ஐ-லீக் என்ற தேசியத் தொடரில் 11 அணிகள் ஆடின. ஒவ்வோர் அணிக்கும் 20 ஆட்டங்கள். அந்தப் பருவத்தில் மோகன் பகானுடனான இரண்டு ஆட்டங்களையும் ஈஸ்ட் பெங்கால் வென்றது. ரசிகர்கள் ஆண்டு முழுவதும் பேசி மகிழ்வதற்கு அதுவே போதுமானது. ஆனால் பட்டியலின் முடிவில் கோயம்புத்தூர் நேரு மைதானத்தைச் சொந்தக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி 43 புள்ளிகளுடன் கோப்பையைத் தூக்கியது. ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தில் நின்றது. இரு அணிகளும் வென்ற ஆட்டங்கள் தலா 13. வேறெங்கோ, பெரிதாக யாரும் பேசாத ஓர் ஆட்டத்தில் சென்னை சிட்டி தோற்காமல் சமன் செய்து காப்பாற்றிய ஒற்றைப் புள்ளிதான் வித்தியாசம். லட்சம் பேர் முன்னால் வென்றாலும் மூன்று புள்ளி, ஆளில்லாத மைதானத்தில் வென்றாலும் அதே மூன்று புள்ளிதான்.

இங்கிலாந்து லீக்கை இரவு முழுவதும் கண்விழித்துப் பார்க்கும் நம் தம்பிமார்களுக்கு லிவர்பூலின் அதே ஆண்டுக் கணக்கு தெரிந்திருக்கும். 38 ஆட்டங்களில் ஒரேயொரு தோல்வி, 97 புள்ளிகள். இருந்தும் 98 புள்ளிகள் எடுத்த மான்செஸ்டர் சிட்டிக்குக் கோப்பை போயிற்று. ஜனவரி இறுதியில் சொந்த மண்ணில் லெஸ்டருடன் 1-1, அடுத்த ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமுடன் 1-1. இந்த இரண்டில் ஒன்றை வென்றிருந்தாலும் கதை மாறியிருக்கும்.

“முக்கியமான ஆட்டம்னா நாங்க பாத்துக்குவோம்” என்று நம் அணிகள் சொல்லிக்கொள்கிற தைரியம் வெறும் கற்பனை. கூட்டம் கூடும்போது மனிதனின் செயல்திறன் எப்படி மாறுகிறது என்பதை உளவியலாளர்கள் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்துவருகிறார்கள். 1965-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்பவர் அதற்கொரு தெளிவான விளக்கம் தந்தார்: பிறர் பார்க்கும்போது, நன்றாகப் பழகிய காரியம் இன்னும் நன்றாக வரும், சரியாகப் பழகாத காரியம் இன்னும் மோசமாகும். சில ஆண்டுகள் கழித்து அவரும் உடனிருந்தவர்களும் இதைக் கரப்பான் பூச்சிகளிடமே சோதித்தார்கள். நேர்வழியில் ஓடிய கரப்பான்கள், மற்ற கரப்பான்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது வேகமாக ஓடின. வளைந்து திரும்ப வேண்டிய வழியில் விட்டவை, பார்வையாளர்கள் இருந்தபோது தடுமாறித் தாமதித்தன. (நம் இறுதி ஆட்டங்களில் ஆஃப்சைடு பொறி வைக்கப் போய்த் தாமே மாட்டிக்கொண்ட தடுப்பு வரிசைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும், சம்பந்தப்பட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.)

இதன் பொருளை மைதானத்தில் கண்ணால் பார்க்கலாம். இடது காலால் கிராஸ் அடிப்பதை முதல் சுற்றிலும் காலிறுதியிலும் ஒருமுறைகூட முயன்று பார்க்காதவன், இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அதை அடித்தால் பந்து கோலுக்குப் பின்னால் இருக்கும் பனைமரத்துக்குத்தான் போகும். காற்றைக் கணித்து ஆடுவதும் அப்படியே. கச்சான் முகத்தில் அடிக்கும் பாதியில் பந்தைத் தரையோடு உருட்டி ஆட வேண்டும், காற்று முதுகில் இருக்கும் பாதியில் தொலைவிலிருந்து அடிக்கலாம் என்பதை எல்லோரும் வாயால் சொல்வார்கள். கால் அதைச் சொல்வதற்கு, கூட்டமில்லாத ஆட்டங்களில் அக்கறையாக ஆடிப் பழகியிருக்க வேண்டும். இறுதி ஆட்டத்தின் ஆவேசம் இருக்கிற பழக்கத்தைத்தான் வெளியே கொண்டுவரும். இல்லாத பழக்கத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

ஆவேசமே அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஜூலை 8-ஆம் தேதி பெலோ ஹொரிசோன்ட்டியில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதி போதும். காயமடைந்த நெய்மாரின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிரேசில் வீரர்கள் உணர்ச்சி பொங்க நாட்டுப்பண் பாடினார்கள். அரை மணி நேரம் ஆவதற்குள் ஜெர்மனி ஐந்து கோல் அடித்துவிட்டது, முடிவு 7-1. அந்த வீரர்களுக்கு நாட்டுப்பற்று குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

இனிக் கமிட்டிகளிடம் நேராக வருகிறேன். நம் கரையில் பெரும்பாலான தொடர்கள் நாக்-அவுட் முறையில்தான் நடக்கின்றன. 16 அணிகள் வந்தால் முதல் சுற்றிலேயே எட்டு அணிகள் ஒரே ஆட்டத்துடன் வீடு திரும்புகின்றன. நுழைவுக் கட்டணம் கட்டி, வண்டி பேசி, வேலையை விட்டு வந்த ஓர் அணி, நாற்பது நிமிடத்தில் மூட்டையைக் கட்டுகிறது. தோற்பது உறுதி என்று நினைக்கிற அணி ஏன் முழு மூச்சாக ஆட வேண்டும்? ஜெயிப்பது உறுதி என்று நினைக்கிற அணிதான் ஏன் ஓட வேண்டும்? ஒரு கோலுக்கும் ஐந்து கோலுக்கும் வித்தியாசமில்லாத முறை இது. முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் செத்துப்போவதை நான் கண்ணெதிரே பார்க்கிறேன்.

2022 நவம்பர் 22-ஆம் தேதி கத்தாரில் அர்ஜென்டினா தன் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது. நம் ஊர்த் தொடராக இருந்தால் மெஸ்ஸி அன்று மாலையே பஸ் ஏறியிருப்பார். பிரிவு ஆட்டமாக இருந்ததால்தான் அவர்கள் மெக்சிகோவையும் போலந்தையும் வென்று மேலேறி, டிசம்பர் 18-ஆம் தேதி பிரான்சுடன் 3-3 என்று சமன் செய்து, பெனால்டியில் 4-2 என்று கோப்பையை வென்றார்கள். அந்த இரவு நம் தெருக்களில் வெடித்த பட்டாசுக்கு, தோற்ற அணிக்கும் இரண்டாவது ஆட்டம் தருகிற ஒரு போட்டி முறைதான் காரணம் என்பதைப் பெரியவர்கள் தயவுசெய்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே நான்கு நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் கிடைக்கும்படியும், புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்க்கும்படியும் தொடரை அமைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். செலவு கூடும் என்பீர்கள். எட்டு அணிகளை இரண்டு பிரிவாக்கினால் பிரிவு ஆட்டங்கள் 12, அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, ஆக 15. 16 அணிகளின் நாக்-அவுட்டுக்கும் இதே 15 ஆட்டங்கள்தான். அணிகளைக் குறைத்தால் மனக்கசப்பு வரும் என்றால், 16 அணிகளையும் நான்கு பிரிவாக்கி, பிரிவு முதலிடங்கள் மட்டும் அரையிறுதிக்கு என்று வைத்தால் 27 ஆட்டங்கள் ஆகும். எழுவர் ஆட்டமாக நடத்தினால் ஒரு மாலையில் நான்கு ஆட்டங்கள் வரை தாராளமாக முடிக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தம்பிமார்கள் கரையில் இருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி பள்ளி விடுமுறையும்கூட. நாள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வெளியூரிலிருந்து அழைத்துவரப்படும் ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். முதல் சுற்றில் ஊர்ப் பையன்கள் வெயிலில் ஓடி அணியை மேலே கொண்டுவருகிறார்கள். அரையிறுதி வந்ததும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி மூன்று நான்கு பேர் காரில் வந்து இறங்குகிறார்கள். ஊர்ப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறான். மின்னொளிக்கு அடியில் அவனுக்கு இடமில்லை என்று ஆனபின், அடுத்த ஆண்டு முதல் சுற்றில் அவன் எந்த மனதோடு ஓடுவான்? வெளியூர்க்காரர் வரட்டும், அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் பிரிவு ஆட்டங்களில் குறைந்தது இரண்டில் ஆடாத எவரும் அரையிறுதியிலோ இறுதியிலோ ஆட முடியாது என்று விதியில் அச்சடித்துவிடுங்கள்.

ஏற்பாடுகளில் அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு லைன்ஸ்மேன், கிழியாத வலை, பந்து எடுத்துப் போட நான்கு சிறுவர்கள், ஒரு முதலுதவிப் பெட்டி, குடிநீர். இவை முதல் ஆட்டத்துக்கும் இருக்க வேண்டும், கடைசி ஆட்டத்துக்கும் இருக்க வேண்டும். பெயர் தெரியாத அணிகளையே எப்போதும் மூன்று மணி வெயிலில் நிறுத்துவதையும் விட்டுவிடலாம். அப்புறம், இறுதி ஆட்டத்தில் வீரர்கள் உடலைச் சூடேற்றி வரிசையில் வந்து நின்றபிறகு சிறப்பு விருந்தினர்கள் ஒவ்வொருவராகக் கைகுலுக்கி, சால்வை போர்த்தி, மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் பேசுகிற வழக்கத்தை இந்த ஆண்டோடு நிறுத்தினால் நல்லது. தசை குளிர்ந்துபோன வீரன் முதல் ஓட்டத்திலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். பேச்சைப் பரிசளிப்பின்போது வைத்துக்கொள்ளலாம்.

ரசிகப் பெருமக்களே, உங்களிடம் எனக்குக் குறை ஒன்று உண்டு. உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் போர்ச்சுகலுக்கும் பிளெக்ஸ் கட்டுகிற நாம், நம் தெருப் பையன் முதல் சுற்றில் ஆடும்போது எத்தனை பேர் போய் நிற்கிறோம்? 2018 ஜூன் 1-ஆம் தேதி மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். மைதானத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2,500 பேர். மறுநாள் அவர், எங்களைத் திட்டுவதாக இருந்தாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்ற பொருளில் கைகூப்பாத குறையாக வீடியோவில் வேண்டினார். ஜூன் 4-ஆம் தேதி கென்யாவுடன் நடந்த அடுத்த ஆட்டத்துக்கு, அவருடைய நூறாவது சர்வதேச ஆட்டத்துக்கு, டிக்கெட்டுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. கொட்டும் மழையில் இந்தியா 3-0 என்று வென்றது. நாட்டின் அணித்தலைவரே கேட்டு வாங்க வேண்டியிருந்ததை நம் ஊர்ப் பையன் யாரிடம் போய்க் கேட்பான்?

உங்கள் வருகைக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்கு வேறொரு சான்றும் இருக்கிறது. 2020 மே மாதம் ஜெர்மனியின் புண்டஸ்லிகா காலி மைதானங்களில் மீண்டும் தொடங்கியபோது, சொந்த மண்ணில் ஆடும் அணிகள் வெல்வது வழக்கத்தைவிடக் குறைந்தது. கூட்டம் இல்லாதபோது வெளியூர் அணிக்கு நடுவர்கள் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன என்று பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். விசில் பிடிக்கிற எனக்கு இது கசப்பான செய்திதான். ஆனாலும் உண்மை என்றே நம்புகிறேன். நடுவரையே அசைக்கிற குரல் பதினாறு வயதுப் பையனின் காலை அசைக்காதா? அந்தக் குரலில் நாற்பது ஐம்பது முதல் சுற்றுக்கு வந்தாலே போதும். வசவுகளை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

மகளிர் ஆட்டங்களின் நிலை இதையெல்லாம்விட மோசம். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன் ஆனார்கள். மதுரையைத் தளமாகக் கொண்ட சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. நம் கரையிலோ, பெண்பிள்ளைகளுக்கு ஆட்டம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும், ஆண்கள் இறுதி ஆட்டத்துக்குக் கூட்டம் சேரும்வரை நேரம் போக்குகிற காட்சி ஆட்டமாகத்தான் இருக்கிறது. புள்ளி இல்லை, பட்டியல் இல்லை, பரிசாக ஆளுக்கொரு டம்ளர் செட். ஆண்கள் தொடருடன் நான்கு பெண்கள் அணிகளை வைத்து ஒரு சிறு லீக்கை நடத்தினால் ஆறு ஆட்டங்களும் ஓர் இறுதியும்தான் கூடும்.

அடுத்த தடைக்காலத்துக்கான நோட்டீஸ்கள் அச்சுக்குப் போகும் முன் கமிட்டிகள் கூடுவது வழக்கம். அந்தக் கூட்டத்தில் பிரிவு ஆட்ட முறை, வெளியூர் ஆட்டக்காரர் விதி, லைன்ஸ்மேன் ஏற்பாடு, மகளிர் லீக் ஆகிய நான்கையும் எடுத்துப் பேசி, ஒப்புக்கொள்ள முடிந்தவற்றை நோட்டீஸிலேயே விதிகளாகச் சேர்க்குமாறு வேண்டுகிறேன். எல்லாம் ஒரே ஆண்டில் முடியாது என்றால் லைன்ஸ்மேனிலிருந்து தொடங்குங்கள். பிரிவு ஆட்டங்களை நடத்த முன்வரும் எந்த ஊருக்கும், அந்த ஆட்டங்களுக்கு மட்டும், பேட்டா வாங்காமல் வந்து விசில் பிடிக்க நான் தயார். இரண்டு பக்கமும் கொடி பிடிக்க ஆள் வைத்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடலோரக் கால்பந்து நடுவர் ஒருவர்